திடலும் வீடும்: பள்ளிப் பயிற்றுநருக்கு அனுபவம் கற்பிக்கும் பாடங்கள்

மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் விளையாட்டுப் பயிற்றுநர் என்பது பெரும்பாலும் தனிப் பணியிடமன்று. காலையில் கணிதமோ அறிவியலோ தமிழோ கற்பிக்கும் ஆசிரியரே, பாடவேளை முடிந்தபின் விசிலையும் நிறுத்துக் கடிகாரத்தையும் எடுத்துக்கொண்டு திடலில் இறங்கி, வகுப்பறைக்கு வெளியே நடைபெறும் கல்விச் செயல்களாகிய புறப்பாட நடவடிக்கைகளின் ஒரு பகுதியாக மாணவர்களுக்கு ஓட்டமும் பந்தாட்டமும் பழக்குகிறார். மலாக்கா மாநிலத்தின் 21 தமிழ்ப்பள்ளிகளிலும், ஆயர் குரோவைச் சுற்றியுள்ள குடியிருப்புகளிலிருந்து பிள்ளைகள் செல்லும் பிற பள்ளிகளிலும் இத்தகைய ஆசிரியர்களை நம்பியே இல்ல விளையாட்டுப் போட்டி, குறுக்கோட்டம், மாவட்டப் போட்டி ஆகியவை நடைபெறுகின்றன. மாவட்ட நிலையில் வென்றவர் மாநில நிலைக்கும், அங்கிருந்து மலேசியப் பள்ளிகளின் விளையாட்டு மன்றமான எம்.எஸ்.எஸ்.எம். நடத்தும் தேசியப் போட்டிக்கும் செல்வர்.

இப்பணியில் பல ஆண்டுகள் நின்றவர்களின் வாழ்க்கையைக் கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். மாணவர்மீது அன்புள்ள பயிற்றுநருக்கு உழைப்பைத் தொடங்கக் கற்பிக்க வேண்டியதில்லை. அதை எப்போது நிறுத்துவது என்பதையே அவர் அரிதின் முயன்று கற்க வேண்டியிருக்கிறது. பயிற்சியை உரிய நேரத்தில் நிறுத்தத் தெரிந்தவரிடம் மாணவரின் உடல் கெடுவதில்லை, படிப்பு பின்தங்குவதில்லை, பயிற்றுநரின் சொந்தக் குடும்பமும் அவரை இழப்பதில்லை. கீழ்வரும் பாடங்கள் யாவும் இந்த ஒரு கருத்திலிருந்தே கிளைப்பவை.

தோட்டத் திடலும் வீடமைப்புப் பகுதியும்

ஆயர் குரோவை அடுத்துள்ள புக்கிட் லிந்தாங்கில் 1896இல் டான் சாய் யான் என்னும் மலாக்கா வணிகர் ரப்பர் பயிரிட்டார். மலாயாவில் வணிக நோக்கில் நடந்த முதல் ரப்பர்ப் பயிரீடு அதுவே. அதன் தொடர்ச்சியாக மலாக்காவின் உட்பகுதிகளில் தோட்டங்கள் பெருகியபோது, தொழிலாளர் வரிசை வீடுகளாகிய லயங்கள், கோயில், தமிழ்ப்பள்ளி ஆகியவற்றுக்கு அருகிலேயே ஒரு திடலும் அமைந்தது. பெரட்டு எனப்படும் காலை வருகைப்பதிவுக்குப் பின் பால்மரம் வெட்டச் சென்று பிற்பகலில் வீடு திரும்பிய பெற்றோருக்குத் தம் பிள்ளை எங்கே விளையாடுகிறது என்பது தெரிந்திருந்தது. பயிற்சி முடிந்த பிள்ளை நடந்தே லயத்துக்குத் திரும்பியது.

தோட்டங்களை விட்டு வெளியேறிய குடும்பங்கள் இன்று புக்கிட் பெருவாங், புக்கிட் கட்டில், டுரியான் துங்கல் போன்ற இடங்களின் வீடமைப்புப் பகுதிகளில் வாழ்கின்றன. பெற்றோர் பலர் தொழிற்சாலைகளில் முறைமாற்று வேலை செய்கின்றனர். பிள்ளை பள்ளி வேனையோ தந்தையின் மோட்டார் சைக்கிளையோ எதிர்பார்க்கும் நிலையில், பயிற்சி ஐந்து மணிக்கு முடியும் என்று அறிவித்துவிட்டு ஐந்தரை வரை நீட்டிக்கும் ஆசிரியர், இரவு வேலைக்குப் புறப்பட வேண்டிய ஒரு தாயைப் பள்ளி வாயிலில் காத்திருக்கச் செய்கிறார். அடுத்த வாரம் அந்தப் பிள்ளை பயிற்சிக்கு வராமல் போனால், அதற்கு ஆர்வக்குறைவைக் காரணமாகக் கொள்வது தவறாகும். ஆகவே பயிற்சி அட்டவணையை எழுதுவதற்கு முன், ஒவ்வொரு மாணவரும் எவ்வாறு வருகிறார், யாருடன் திரும்புகிறார், வீட்டில் அந்நேரம் யார் இருப்பார் என்ற மூன்று செய்திகளையும் ஒரு குறிப்பேட்டில் பதிந்து, அவற்றுக்கேற்ப நேரத்தை வகுப்பது பயிற்றுநரின் முதற் கடமையாகும்.

வளரும் உடலின் அளவு

உலகச் சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயது வரையுள்ளோருக்கு நாள்தோறும் சராசரியாக 60 நிமிட உடலியக்கத்தைப் பரிந்துரைக்கிறது. ஓட்டம், மிதிவண்டி, தெரு விளையாட்டு அனைத்தும் அதில் அடங்கும். பயிற்றுநர் ஒருவரின்கீழ் ஒழுங்குபடுத்தி நடைபெறும் பயிற்சிக்கோ மேல் எல்லை ஒன்று உண்டு: ஒரு பிள்ளையின் வாராந்தரப் பயிற்சி மணிநேரம் அதன் வயதைத் தாண்டக் கூடாது என்பதும், வாரத்தில் ஒரு நாளேனும் முழு ஓய்வு வேண்டும் என்பதும் விளையாட்டு மருத்துவர்கள் வலியுறுத்தும் நெறிகளாகும். பதினொரு வயது மாணவி பள்ளியில் திடல்தடப் பயிற்சி பெறுவதோடு மாலையில் பூப்பந்துக் கழகத்துக்கும் வார இறுதியில் கராத்தே வகுப்புக்கும் செல்வாரானால், அம்மூன்றின் மணிநேரத்தையும் கூட்டிப் பார்ப்பவர் ஒருவர் வேண்டும். மற்ற இரு பயிற்றுநர்களும் அதைச் செய்யமாட்டார்கள் என்று எண்ணிப் பள்ளி ஆசிரியரே அப்பொறுப்பை ஏற்பது நல்லது.

உயரம் மிக விரைவாகக் கூடும் காலத்தை வளர்ச்சியின் உச்சக் கட்டம் என்பர். அது பெண்பிள்ளைகளுக்கு ஏறத்தாழ 12 வயதிலும் ஆண்பிள்ளைகளுக்கு ஏறத்தாழ 14 வயதிலும் நிகழ்கிறது. எலும்பு நீளும் வேகத்துக்குத் தசைகளும் தசைநாண்களும் ஈடுகொடுக்க இயலாத அக்காலத்தில், முழங்காற்சில்லுக்குச் சற்றுக் கீழே கணைக்கால் எலும்பின் மேட்டிலும், குதிகாலின் பின்புறத்திலும் வலி தோன்றலாம். எலும்பின் முனையிலுள்ள மென்மையான வளர்ச்சிப் பகுதியைத் தசைநாண் மீண்டும் மீண்டும் இழுப்பதே இதற்குக் காரணம். இத்தகைய வலியைச் சோம்பல் என்று கருதிக் கூடுதலாக ஓடவைப்பது பெருந்தீங்கு. தாண்டுதலையும் விரைவோட்டத்தையும் குறைத்து, நீச்சல் போன்ற இலகுவான இயக்கத்துக்கு மாற்றி, வலி நீடித்தால் மருத்துவரிடம் அனுப்புவதே முறையாகும். அந்த ஆண்டில் திடீரெனக் கால் நீண்டு, ஓட்டத்தில் தடுமாறிப் பின்தங்கும் சிறுவன் அடுத்த ஆண்டே அனைவரையும் முந்தக்கூடும் என்பதால், பன்னிரண்டு வயதில் பெறும் நேரத்தைக் கொண்டு ஒரு பிள்ளையை அணியிலிருந்து நிலையாக நீக்கிவிடக் கூடாது.

உடல்தகுதியை அளக்க மலேசியப் பள்ளிகளில் செகாக் என்னும் தேசியச் சோதனை நான்காம் ஆண்டு முதல் நடத்தப்படுகிறது. மூன்று நிமிடம் பலகையில் ஏறி இறங்குதல், தரையில் கையூன்றி உடலை உயர்த்துதல், படுத்த நிலையிலிருந்து பாதியளவு எழுதல், அமர்ந்து கைகளை முன்னோக்கி நீட்டுதல் ஆகியவை அதன் பகுதிகளாகும். இதன் முடிவுகளைப் பட்டியலிட்டு முதலிடம், கடைசியிடம் என்று வரிசைப்படுத்துவதைவிட, ஒரே மாணவரின் முந்தைய அளவையும் இப்போதைய அளவையும் அருகருகே எழுதி அவரிடமே காட்டுவது பயன் மிக்கது. பருமனான பிள்ளையும் மெலிந்த பிள்ளையும் தத்தம் முன்னேற்றத்தைத் தாமே காணும்போதுதான் உடலியக்கம் அவர்களுக்கு வாழ்நாள் பழக்கமாகிறது.

வெயில், மின்னல், புகைமூட்டம்

நிலநடுக்கோட்டுக்கு வடக்கே இரண்டு பாகை அளவிலேயே அமைந்துள்ள மலாக்காவில் வெப்பத்துடன் ஈரப்பதமும் மிகுதியாக இருப்பதால், வியர்வை ஆவியாகி உடலைக் குளிர்விப்பது கடினமாகிறது. உடல் வெப்பத்துக்குப் பழகப் பத்து முதல் பதினான்கு நாள்கள் தேவைப்படுகின்றன. ஆகவே நீண்ட பள்ளி விடுமுறைக்குப் பின் முதல் இரண்டு வாரங்களுக்குப் பயிற்சியின் அளவைப் படிப்படியாகவே உயர்த்த வேண்டும். கடும் வெப்பத் தாக்கத்தின் முதன்மை அடையாளம் மனக்குழப்பம்: தன் பெயரையோ நாளையோ சொல்லத் தடுமாறும், நேராக நடக்க இயலாத மாணவரை உடனே நிழலுக்குக் கொண்டுசென்று, நீரும் பனிக்கட்டியும் கொண்டு உடலைக் குளிரவைத்தபடியே 999ஐ அழைக்க வேண்டும். குளிரவைப்பதைத் தள்ளிப்போட்டு ஆம்புலன்சுக்காகக் காத்திருக்கும் நிமிடங்கள் உயிருக்கு ஆபத்தானவை.

பிற்பகல் இடிமழை இந்நாட்டில் வழக்கமானது. மின்னலைக் கண்டபின் 30 வினாடிக்குள் இடியோசை கேட்டால், மின்னல் ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறது என்று பொருள். அப்போதே திடலைக் காலிசெய்து கட்டடத்துக்குள் சென்று, கடைசி இடியோசைக்குப் பின் 30 நிமிடம் கழித்தே திரும்ப வேண்டும். மரநிழலும் திறந்த கூடாரமும் புகலிடமாகா. புகைமூட்டக் காலத்தில் ஐ.பி.யு. எனப்படும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் வெளிப்புற நடவடிக்கைகளை நிறுத்த வேண்டும் என்பது பள்ளிகளுக்குரிய விதியாகும். இவ்விதிகளைப் போட்டிக்கு முந்தைய வாரத்திலும் மீறாமல் கடைப்பிடிக்கும் பயிற்றுநரே நம்பத்தக்கவர். மழைநாளுக்கென மண்டபத்திலோ நடைகூடத்திலோ செய்யக்கூடிய பயிற்சிகளை முன்கூட்டியே எழுதிவைத்திருப்பவருக்கு, பயிற்சி வீணாகிறதே என்ற பதற்றம் எழுவதில்லை.

ஒரு மணிநேரத்தின் பயன்

தொடக்கப்பள்ளி மாணவருக்கு ஒரு மணிநேரப் பயிற்சி போதுமானது. பத்து நிமிடம் உடலைச் சூடேற்றல், பதினைந்து நிமிடம் நுட்பம், இருபது நிமிடம் முதன்மைப் பயிற்சி, பத்து நிமிடம் மகிழ்வான விளையாட்டு, ஐந்து நிமிடம் உடல் தணிதலும் உரையாடலும் எனப் பகுத்துக்கொண்டால் நேரம் சிதறாது. விரைவோட்டப் பயிற்சியில் 30 அல்லது 40 மீட்டர் தூரத்தை முழு வேகத்தில் ஓடச் செய்து, நடந்து திரும்பி நன்கு மூச்சு வாங்கியபின்னரே மீண்டும் ஓடவிட வேண்டும். நிறுத்துக் கடிகாரம் காட்டும் நேரம் கூடத் தொடங்கியதும் அன்றைய ஓட்டத்தை முடித்துவிட வேண்டும். களைத்த நிலையில் ஓடும் பிள்ளை மெதுவாக ஓடுவதற்கே பழகுகிறது.

குறைந்த நேரத்தில் மிகுந்த பலன் தருவது அஞ்சல் ஓட்டப் பயிற்சி. நான்கு பேர் ஓடும் 4×100 மீட்டர் ஓட்டத்தில், கோலைக் கைமாற்ற வேண்டிய பகுதி முன்னர் 20 மீட்டராகவும், அதற்கு முன்னே வேகம் கூட்டுவதற்கு மட்டும் உரிய 10 மீட்டர் தனியாகவும் இருந்தன. பின்னர் விதி மாற்றப்பட்டு இரண்டும் இணைந்து 30 மீட்டர் கொண்ட ஒரே பகுதியாயின. பழைய விதியில் பயின்ற ஆசிரியர்கள் இம்மாற்றத்தை உணர்ந்து பயிற்றுவித்தால், கோல் பெறுபவர் முழு வேகத்தை எட்டியபின் பெற வழியுண்டு. பெறுபவர் தம் பாதங்களால் அளந்து தரையில் ஓர் அடையாளம் இட்டு, கொண்டுவருபவர் அதைத் தாண்டும் கணத்தில் திரும்பிப் பாராமல் புறப்படப் பழக வேண்டும். தனியோட்டத்தில் சிறந்த நால்வர் இல்லாத சிறிய பள்ளியும் இந்த ஒழுங்கைப் பழகினால் பெரிய பள்ளியை வெல்ல முடியும் என்பதால், மாணவர் எண்ணிக்கை குறைந்த தோட்டத் தமிழ்ப்பள்ளிகளுக்கு இதுவே பெருந்துணையாகும்.

வசதிக்குறைவு தடையாகாது என்பதற்கு ஓ. எம். நம்பியாரின் பணி சான்றாகும். இந்திய விமானப்படையில் பணியாற்றியபின் பயிற்றுநரான அவர், கேரளத்தின் கண்ணூர் விளையாட்டுப் பள்ளியில் பயின்ற ஓட்ட வீராங்கனை பி. டி. உஷாவின் திறனை அறிந்து வளர்த்தார். பையோளிக் கடற்கரை மணலும் அவர்களுக்குப் பயிற்சிக் களமாயிற்று. 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடையோட்டத்தில் ஒரு வினாடியின் நூற்றில் ஒரு பங்கால் உஷா வெண்கலத்தை இழந்தார். அடுத்த ஆண்டு ஜகார்த்தாவில் நடந்த ஆசியத் திடல்தடப் போட்டியில் ஐந்து தங்கம் வென்றார். அதே போட்டியில் மலேசியாவின் பி. ராஜ்குமார் 800 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் பெற்றார் என்பது மலேசியத் தமிழர் மறக்கலாகாத செய்தியாகும். நம்பியாருக்கு 1985இல் துரோணாச்சாரியார் விருதும், 2021இல் பத்மஸ்ரீ விருதும் வழங்கப்பட்டன. ஒரே மாணவியைப் பல ஆண்டுகள் பொறுமையுடன் கவனித்ததே அவ்வெற்றியின் அடித்தளம். ஆயர் குரோவின் தாவரவியல் பூங்காப் பாதைகளும் புக்கிட் பெருவாங் குன்றின் ஏற்றமும் செலவின்றிக் கிடைக்கும் பயிற்சிக் களங்கள் என்பதை இங்குள்ள ஆசிரியர்கள் உணர்ந்து பயன்கொள்ள வேண்டும்.

தோல்வியும் படிப்பும்

2010 ஆசியான் கால்பந்துக் கிண்ணப் போட்டியின் முதல் ஆட்டத்தில் கே. ராஜகோபால் பயிற்றுவித்த மலேசிய அணி இந்தோனேசியாவிடம் 1–5 எனத் தோற்றது. அதே மாத இறுதியில் அதே இந்தோனேசியாவை இரண்டு ஆட்ட இறுதிப் போட்டியில் மொத்தம் 4–2 என வென்று முதன்முறையாகக் கிண்ணத்தைக் கைப்பற்றியது. ஒரு தோல்வியைக் கொண்டு இளம் ஆட்டக்காரர்களை எடைபோட்டுவிடலாகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. தோற்ற மாணவரிடம் அன்றே குறைகளை விளக்குவது பயன் தராது. உணவும் நீரும் கொடுத்து, பாதுகாப்பாக வீடு சேர்த்து, அடுத்த பயிற்சியில் திருத்த வேண்டிய ஒன்றை மட்டும் கூறுவதே போதுமானது. பேருந்தில் திரும்பும்போது பெற்றோர் கடிந்துகொண்டால், அவர்களிடம் தனியே, மரியாதையுடன் பேசித் தடுப்பதும் பயிற்றுநரின் வேலையே.

விளையாட்டா படிப்பா என்று வினவும் பெற்றோருக்கு மலேசிய ஓட்ட வீரர் எம். ஜெகதீசனின் வாழ்க்கையைச் சொல்லலாம். மருத்துவம் பயின்று மருத்துவரான அவர், 1966 பேங்காக் ஆசிய விளையாட்டில் மூன்று தங்கம் வென்றார்; 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 20.92 வினாடியில் ஓடி ஏற்படுத்திய தேசியச் சாதனை 49 ஆண்டுகள் நிலைத்து, 2017இல் மலாக்காவைச் சேர்ந்த கைருல் ஹஃபிஸ் ஜந்தானால் முறியடிக்கப்பட்டது. இரண்டும் ஒருவரிடம் கூடி அமைய வேண்டுமானால், வீட்டுப்பாடத்துக்கும் உறக்கத்துக்கும் உரிய நேரத்தைப் பயிற்சி விழுங்கக் கூடாது. தேர்வுக்கு முந்தைய வாரங்களில் பயிற்சியைப் பாதியாகக் குறைக்கும் ஆசிரியரிடம் வகுப்பாசிரியர்களும் பெற்றோரும் மனமுவந்து ஒத்துழைப்பதை அனுபவம் மீண்டும் மீண்டும் காட்டுகிறது.

நம்பிக்கையின் எல்லைகள்

மாணவர் "ஐயா" என்று அழைத்து முழு நம்பிக்கையுடன் அணுகும் உறவில், அந்நம்பிக்கையைக் காக்கும் விதிகளை வகுக்க வேண்டியவர் பெரியவரே. ஒரு மாணவரைத் தனியே காரில் ஏற்றிச் செல்லாமை, பூட்டிய அறையில் தனியே பேசாமை, பெண்பிள்ளைகள் செல்லும் வெளியூர்ப் போட்டிக்கு ஆசிரியை ஒருவரை உடன் அழைத்துச் செல்லுதல், செய்திகளை மாணவருக்குத் தனியே அனுப்பாமல் பெற்றோர் உள்ள வாட்ஸ்அப் குழுவில் பதிதல் ஆகிய நான்கும் விலக்கின்றிப் பின்பற்றத்தக்கவை. மலேசியாவின் 2017ஆம் ஆண்டுச் சிறார் பாலியல் குற்றச் சட்டம், மாணவரின் பாதுகாப்பைப் பொறுப்பேற்றோர் புரியும் குற்றங்களைக் கூடுதல் தண்டனைக்குரியனவாகக் கருதுகிறது. நல்லெண்ணமுள்ள ஆசிரியருக்கு இவ்விதிகள் அவமதிப்பாகா. அவரையும் மாணவரையும் ஒருசேரக் காக்கும் அரணாக அமைகின்றன.

வீட்டுக்குரிய நேரம்

பயிற்றுநரின் பணியில் அவருடைய துணைவரின் உழைப்பும் கலந்திருக்கிறது. பெற்றோரின் தொலைபேசி அழைப்புகளுக்குப் பதில் சொல்வது, போட்டிநாள் விடியற்காலையில் உணவு கட்டித் தருவது, ஆசிரியர் தம் கையிலிருந்து காலணி வாங்கிக் கொடுத்த மாதத்தில் வீட்டுச் செலவைச் சரிக்கட்டுவது எனப் பலவும் யாருடைய அறிக்கையிலும் இடம்பெறாமல் நடந்தேறுகின்றன. ஆகவே ஆண்டுத் தொடக்கத்திலேயே மாவட்ட, மாநிலப் போட்டிகளின் நாள்களை நாட்காட்டியில் குறித்து, குடும்பத்தினருடன் அமர்ந்து பேசி, எந்த நாள்கள் திடலுக்கு, எந்த நாள்கள் வீட்டுக்கு என்று முடிவு செய்ய வேண்டும். சனிக்கிழமை போட்டிக்குச் சென்றால் ஞாயிறு வீட்டுக்கு உரியது. தீபாவளி, பொங்கல், செங் சன்னாசிமலையில் மலாக்கா மக்கள் திரளும் மாசிமகம் ஆகிய நாள்களைப் பயிற்சி தொடவே கூடாது. சொந்தப் பணத்திலிருந்து மாணவருக்குச் செலவிடுவது போற்றத்தக்கதே. எனினும் அதற்கு மாத உச்சவரம்பைத் துணைவருடன் சேர்ந்து வகுத்து, மிகுதித் தேவையைப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திடம் எழுத்து மூலம் கேட்பதே நீடித்து நிற்கும் வழியாகும்.

பயிற்றுநரின் பிள்ளை அதே பள்ளியில் பயின்றால் கூடுதல் கவனம் தேவை. தேர்வோட்டத்தில் அப்பிள்ளையின் நேரத்தை வேறோர் ஆசிரியர் அளக்கட்டும்; திடலில் பிற மாணவருக்குக் கிடைக்கும் கனிவும் கண்டிப்பும் அதற்கும் அதே அளவில் கிடைக்கட்டும்; உணவு மேசையில் அன்றைய ஓட்டத்தைப் பற்றிப் பிள்ளையே பேச்செடுத்தாலன்றி தந்தை பேசாதிருக்கட்டும். அப்பிள்ளை ஓடுவதைவிட ஓவியம் வரைவதை விரும்புமானால், அந்த விருப்பத்துக்கும் திடலில் பிற பிள்ளைகளுக்குத் தரும் அதே ஊக்கத்தைத் தருவதே தந்தைமையின் கடமை. ஊரார் பிள்ளைகளின் பந்தயங்கள் அனைத்துக்கும் சென்ற ஒருவர், தம் மகளின் ஓவியக் கண்காட்சிக்குச் செல்லாதிருந்தால் அவ்விழப்பை எந்தக் கேடயமும் ஈடுசெய்யாது.

கைமாற்றம்

அரசுப் பள்ளி ஆசிரியருக்குப் பணிமாற்றமும் அறுபது வயதில் கட்டாய ஓய்வும் உண்டு. தாம் சென்றபின் பயிற்சி நின்றுபோகுமானால், அந்த ஆசிரியர் எவ்வளவு உழைத்திருந்தாலும் பள்ளிக்கு எதையும் விட்டுச்செல்லவில்லை என்றே கொள்ள வேண்டும். ஆகவே ஒவ்வொரு மாணவரின் அளவுகள், காயங்கள், வீடு திரும்பும் வழி, பயிற்சித் திட்டங்கள், போட்டி விண்ணப்ப நடைமுறை ஆகியவற்றை ஒரே குறிப்பேட்டில் எழுதிப் பள்ளியில் வைத்து, இளம் ஆசிரியர் ஒருவரை முதல் ஆண்டு உடன் நிற்கவும், இரண்டாம் ஆண்டு பயிற்சியின் ஒரு பகுதியை நடத்தவும், மூன்றாம் ஆண்டு முழுப் பொறுப்பை ஏற்கவும் பழக்க வேண்டும்.

இப்பணியின் பயனைக் கேடயங்களைக் கொண்டு அளப்பது எளிது. ஆனால் அது போதாது. பள்ளியை விட்டுச் சென்ற மாணவர் முப்பது வயதிலும் விரும்பி ஓடுகிறாரா, காயமின்றி இருக்கிறாரா, தம் பிள்ளையைத் திடலுக்கு அழைத்து வருகிறாரா என்பவை ஒருபுறமும், பயிற்றுநரின் மனைவியும் மக்களும் அவருடைய பணியைத் தங்கள் பணியாகவும் எண்ணிப் பெருமை கொள்கின்றனரா என்பது மறுபுறமும் கேட்கப்பட வேண்டிய வினாக்கள். இவற்றுக்கெல்லாம் ஆம் என்று விடை பெற விரும்பும் ஆசிரியர் நாளையே தொடங்கக்கூடிய செயல் ஒன்று உண்டு: பயிற்சி முடியும் நேரத்தை அறிவிப்புப் பலகையில் எழுதி, அந்த நேரத்தில் விசிலடித்து முடித்து, கடைசிப் பிள்ளை பெற்றோருடன் புறப்பட்டதும் தாமும் வீடு திரும்ப வேண்டும்.